ஏரிக்கரையில் ஓய்வுக்காலம்: மனை வாங்குமுன் படிக்க வேண்டிய பாடம்



நாற்பது ஆண்டுக் காலம் கடை நடத்திய வணிகர், பிள்ளைகள் தலையெடுத்ததும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "இனி எங்கே போய் இருப்பது?" என்பதே அது. இராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் காலம் தள்ளிய நமக்கு இந்தக் கேள்வி சற்றுக் கூடுதலாகவே எழுகிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை, ஆலைப் புகை, மாலையில் துடைத்த மாடம் காலையில் கறுத்துக் கிடக்கும் தூசி, இவற்றுக்கு நடுவே உழைத்துவிட்டோம். கடைசிக் காலத்திலாவது நல்ல காற்றும் தண்ணீரும் உள்ள இடத்தில் இருக்கலாமே என்று மனம் கேட்பது நியாயம்தான்.

அப்போது நம்மவர் கண்ணில் முதலில் படுவது ஏரிக்கரை. ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம் அரிசி ஆலைகளுக்கு நாம் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறோம். போகும்போது வழியில் புழல் ஏரி கடல் போல் விரிந்து கிடக்கும். சொந்த வீடு வேண்டிச் சிறுவாபுரி முருகன் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் போகிறவர்கள், வரும் வழியிலேயே மனை விளம்பரப் பலகைகளையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். "ஏரி பார்த்த மனை", "ஏரிக்கரை முதியோர் குடியிருப்பு" என்று துண்டறிக்கைகள் நம் கடைகளுக்கே வருகின்றன.

இதில் போடப்படும் பணம் சாதாரணப் பணம் அன்று. ஒரு பருவத்தில் துவரம்பருப்பில் நட்டம் வந்தால் அடுத்த பருவத்தில் மிளகாயில் சரிக்கட்டலாம். அறுபத்தைந்து வயதில் வாழ்நாள் முதலை ஒரு மனையில் போட்டு அது தவறிப்போனால், சரிக்கட்ட இன்னொரு பருவம் கிடையாது. ஆகவே ஏரிக்கரையில் இடம் தேர்வது எப்படி என்பதை ஒரு பாடமாகவே இங்கு எழுத முனைந்துள்ளோம்.

1. ஏரி என்பது தண்ணீர் மட்டும் அன்று

ஏரியைக் காட்சியாகப் பார்க்கிறவருக்குத் தண்ணீர் மட்டுமே தெரியும். நம் முன்னோர் ஏரியைப் பல உறுப்புகள் கொண்ட ஓர் அமைப்பாகவே கட்டினார்கள். மழைநீரை ஏரிக்குக் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். தண்ணீர் தேங்கிப் பரவும் இடம் உள்வாய். அதைத் தாங்கி நிற்பது கரை. பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுவது மதகு. அளவுக்கு மேல் வந்த தண்ணீர் வழிந்து வெளியேறுவது கலங்கல். அந்த உபரிநீர் அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ போகும் பாதை போக்குக் கால்வாய். ஓர் ஏரியின் கலங்கல் நீர் இன்னோர் ஏரியின் வரத்து நீர் ஆகும். இப்படிச் சங்கிலி போல் தொடர்ந்து சென்று கடைசியில் கடலில் சேரும்.

மனை வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, "இந்த மனை ஏரியின் எந்த உறுப்பில் இருக்கிறது?" என்பதே. உள்வாயில் இருந்தால் அது மனையே அன்று, தண்ணீரின் இடம். வரத்துக் கால்வாய் ஓரத்தில் இருந்தால் மழைநீர் ஏரிக்குப் போகும் வழியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். கலங்கலுக்குக் கீழே இருந்தால் ஏரி நிறைந்த அன்று நமக்குச் சோதனை. கரைக்கு வெளியே, கலங்கலையும் கால்வாய்களையும் விட்டு விலகி, மேட்டுப்பாங்காக இருந்தால் மட்டுமே அடுத்த கேள்விக்குப் போகலாம்.

ஊர்ப் பெயர்களும் தெருப் பெயர்களும் பல உண்மைகளைச் சொல்லும். தாங்கல், ஏந்தல் என்பவையெல்லாம் நீர்நிலையைக் குறிக்கும் சொற்கள். சென்னை மாநகரின் நடுவிலேயே இதற்குச் சான்று உண்டு. தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் ஏரியின் நிலத்தில் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் இன்றும் இருக்கிறது; பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். ஏரி போனாலும் மழை பெய்யும்போது தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வரும் என்பதை அப்பகுதி மக்கள் நன்கு அறிவார்கள்.

2. ஏரியைப் பார்க்காதீர்கள்; ஏரிநீர் போகும் வழியைப் பாருங்கள்

இந்தப் பாடத்தின் நடுநாயகமான கருத்து இதுதான். ஏரிக்கு அருகில் இருப்பதால் மட்டும் ஆபத்து வருவதில்லை. ஏரியின் உபரிநீர் போகும் வழியில் இருப்பதாலேயே வருகிறது. ஏரியிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருப்பவரும் அந்த வழியில் இருந்தால் தப்ப முடியாது.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அந்த நாட்களில் ஜாபர்கான்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகள் மூழ்கின. அங்கே இருந்தவர்கள் ஏரி பார்த்து வீடு வாங்கியவர்கள் அல்லர். ஏரி எங்கோ இருந்தது. அடையாறு அவர்கள் வாசலில் இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். திருவள்ளூருக்கு அப்பால் இருக்கிறது பூண்டி நீர்த்தேக்கம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டப்பட்டது. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அது நிறைந்து திறந்துவிட்டால் தண்ணீர் தாமரைப்பாக்கம், வல்லூர் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு வந்து கடலில் சேர வேண்டும். 2021 நவம்பரில் அப்படி வந்த ஆற்று வெள்ளம் மணலி புதுநகரிலும் சடையன்குப்பத்திலும் புகுந்தது. பூண்டி ஏரியைக் கண்ணால் பார்த்திராத குடும்பங்கள் பூண்டித் தண்ணீரில் நின்றன.

புழல் ஏரியின் கணக்கும் இதே போன்றதுதான். அதன் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. முழு ஆழம் 21.20 அடி. அதற்கு மேலே உள்ள சோழவரம் ஏரியின் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. புழல் நிறைந்தால் உபரிநீர் வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையன்குப்பம் வழியாக எண்ணூருக்கு வரும். மழைக்காலத்தில் வெள்ள எச்சரிக்கை விடுக்கும்போது அதிகாரிகள் வாசிக்கும் ஊர்ப் பட்டியல் ஏறத்தாழ இதுவே. மனை விளம்பரங்களில் வரும் பெயர்களையும் இந்தப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எவை இரண்டிலும் வருகின்றனவோ அவற்றில் மிகுந்த எச்சரிக்கை தேவை.

முகத்துவாரம் அடைபட்டால் மேலிருந்து வரும் தண்ணீருக்குப் போக வழி இல்லை என்பதை எண்ணூர்வாசிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து கழிமுகத்தில் பரவியதையும் கண்டோம். ஆகையால், ஏரிக்கரையில் இடம் பார்க்கிறவர் ஏரியோடு நிற்காமல், அதன் தண்ணீர் கடலில் சேரும் வரை உள்ள வழியை ஒரு நாள் வண்டியில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

3. கோடையில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை

சரக்கு வாங்கும்போது மூடையின் மேலாக அள்ளிப் பார்த்து விலை பேச மாட்டோம். குத்தூசி போட்டு நடுவிலிருந்து எடுத்துப் பார்ப்போம். மனைக்கு மழைக்காலமே குத்தூசி. மனை விற்பனை மும்முரமாக நடப்பது பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில். அப்போது ஏரியின் உள்வாய்கூடக் கிரிக்கெட் விளையாடும் திடல் போல் இருக்கும். ஐப்பசி கடைசியிலும் கார்த்திகையிலும், இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய்ப் பாருங்கள். சாலையில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

கோடையிலும் போகத்தான் வேண்டும். அது வேறொரு காரணத்துக்காக. 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. அந்த ஆண்டு ஏரிக்கரையில் வீடு வைத்திருந்தவர்கள் சன்னலைத் திறந்தால் கண்டது வெடித்த சேற்றுநிலம். ஏரி வற்றினால் கிணறும் ஆழ்குழாயும் என்ன ஆகின்றன என்பதை அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு அறிய வேண்டும். ஏரி அருகில் இருப்பதாலேயே குடிநீர் கிடைக்கும் என்று எண்ணுவது தவறு. புழல் தண்ணீர் நகரத்துக்குப் போவதற்கு உரியது. கரையோர மனைக்காரர் எடுத்துக்கொள்வதற்கு அன்று. வீட்டுக்குக் குழாய் இணைப்பு உண்டா, இல்லையேல் லாரித் தண்ணீர் என்ன விலை என்று கேளுங்கள்.

மண்ணையும் பார்க்க வேண்டும். ஏரிப் பகுதியில் களிமண் மிகுதி. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும் மண் அது. அடித்தளம் சரியாக இல்லாவிட்டால் சுவரில் விரிசல் விடும். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு, மனை விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.

4. பத்திரம் பேசட்டும்

"பட்டா இருக்கிறது ஐயா" என்று தரகர் சொன்னதும் தலையாட்டிவிடலாகாது. தாய்ப்பத்திரம், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, 'அ' பதிவேட்டின் நகல், புலப்பட வரைபடம் ஆகியவற்றை வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இவற்றோடு கிராம வரைபடத்தையும் கேளுங்கள். அதில் ஏரி, ஓடை, கால்வாய் ஆகியவற்றின் புல எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். நாம் வாங்கும் புல எண்ணுக்கு அடுத்த எண் எது என்று பார்த்தாலே பாதி உண்மை வெளிப்பட்டுவிடும்.

தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. நீர்நிலையில் உள்ள கட்டடங்களை அகற்றும்படி உயர்நீதிமன்றமும் பலமுறை ஆணையிட்டிருக்கிறது. மின் இணைப்பும் சொத்துவரி ரசீதும் இருப்பதால் நீர்நிலை மனையாகிவிடாது. அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அவற்றிலும் நீர்நிலையில் உள்ள மனைகளுக்கு இடம் தரப்படவில்லை.

புழலைப் பொறுத்தவரை இன்னொரு செய்தியையும் மனத்தில் இருத்த வேண்டும். நகரின் குடிநீரைக் காப்பதற்காக, செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று ஒரு பரப்பை வரையறுத்து, 2008-ஆம் ஆண்டின் இரண்டாவது முழுமைத் திட்டத்தில் அங்கே கட்டுமானங்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறார்கள். மனை அந்தப் பரப்புக்குள் வருகிறதா, அங்கே என்ன கட்டலாம் என்பதைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிக் கடன் கொடுக்காத நாம், வாய்ச்சொல்லை நம்பி மனை வாங்கலாமா?

5. பழவேற்காடு பற்றி ஒரு சொல்

வடசென்னையிலிருந்து பார்த்தால் பொன்னேரிக்கு அப்பால் உள்ள பழவேற்காட்டு ஏரியும் பலரை ஈர்க்கிறது. டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்து கோட்டை கட்டி வாணிபம் செய்த ஊர் அது. பூநாரைகள் வரும், மீனும் இறாலும் நண்டும் கிடைக்கும். ஆனால் அது புழல் போன்ற நன்னீர் ஏரி அன்று. கடலோடு கலந்த உவர்நீர்ப் பரப்பு. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. ஆகவே நிலத்தடி நீரில் உப்பு இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பறவைகள் சரணாலயக் கட்டுப்பாடுகளும் அங்கே உண்டு. குடும்பத்தோடு ஒரு நாள் போய் வருவதற்கு அருமையான இடம். நிலையாகத் தங்குவது என்றால் குடிநீர், மருத்துவம், புயல் எச்சரிக்கை ஆகிய மூன்றுக்கும் விடை கண்ட பிறகே யோசிக்க வேண்டும்.

6. உள்ளூர் மளிகைக்காரரிடம் மூன்று கேள்விகள்

ஓர் ஊரைப் பற்றி உண்மை அறிய நமக்கு மற்றவர்க்கு இல்லாத ஒரு வாய்ப்பு உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே நம் தொழிலைச் செய்கிறவர் ஒருவர் இருப்பார். தரகர் சொல்லாததை அவர் சொல்வார். அவருடைய கடையில் ஒரு சோடாவோ கடலை மிட்டாயோ வாங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, நானும் வியாபாரிதான்" என்று அறிமுகம் செய்துகொண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: "மழைக்காலத்தில் அரிசி மூடையைத் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் அடுக்குகிறீர்கள்?" ஒற்றைக் கட்டை போட்டு அடுக்குகிறேன் என்றால் ஈரம் மட்டுமே அங்குள்ள தொல்லை. இடுப்பளவுக்கு மேடை கட்டியிருக்கிறார் என்றால் அந்த ஊரில் தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 2015-இல், 2021-இல், 2023-இல் எதுவரை வந்தது என்று கேட்டால் சுவரில் கை வைத்தே காட்டுவார்.

இரண்டாவது கேள்வி: "கார்த்திகையில் சரக்கு லாரி உங்கள் கடை வாசல் வரை வருகிறதா?" லாரி வராத தெருவுக்கு 108 ஆம்புலன்சும் வருவது கடினம்.

மூன்றாவது கேள்வி: "மாதக் கணக்கு வைத்து வாங்கும் குடும்பங்கள் எத்தனை?" மாதக் கணக்கு இருந்தால் நிலையாகக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள் என்று பொருள். சனி, ஞாயிறு மட்டுமே வியாபாரம் என்றால் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வாங்கிப் போட்டவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் முதியவர் இருவர் தனித்திருப்பது நல்லதன்று.

7. கூப்பிட்டால் வருபவர் யார்?

இடம் பார்ப்பதில் நாம் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி மருத்துவம். இராயபுரத்தில் இருக்கும்வரை ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஆட்டோவில் போகும் தூரம். அந்த அருமை அங்கே இருக்கும்போது தெரியாது. ஏரிக்கரைக்குப் போனபின் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் எங்கே போவது? கொளத்தூர் பெரியார் நகரில் 2025-இல் அரசு பெரியார் மருத்துவமனை திறக்கப்பட்டிருப்பது செங்குன்றம், புழல் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் ஆறுதல். இருந்தாலும் வரைபடத்தில் தூரம் பார்த்தால் போதாது. மாலை ஏழு மணிக்கு, ஜி.என்.டி. சாலையில் லாரி நெரிசல் இருக்கும் வேளையில், மனையிலிருந்து மருத்துவமனை வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்வர வேண்டும்.

வீட்டிலுள்ள அம்மையார் கருத்தை முதலிலேயே கேட்பது நலம். நமக்கு வாடிக்கையாளரோடு பேசிப் பொழுது போனது போல், அவருக்கு எதிர் வீட்டாரும் கோயிலும் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் வடிவுடையம்மன் சந்நிதியில் நின்றவரைப் பேச்சுத்துணை இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்தால், ஏரிக்காற்று எத்தனை நாளைக்கு இனிக்கும்?

நமக்கும் அதே கதைதான். நாளொன்றுக்கு இருநூறு பேரோடு பேசியவர் திடீரென்று கொக்கையும் நாரையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பத்து நாளில் சலிப்புத் தட்டும். நமக்குத் தெரிந்த காலடிப்பேட்டை மளிகைக்காரர் ஒருவர், பாடியநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டை ஓராண்டு வாடகைக்கு எடுத்தார். மழைக்காலம், கோடை இரண்டையும் பார்த்தார். கடைசியில் அவரும் அவர் மனைவியும் எடுத்த முடிவு: வாரத்தில் நான்கு நாள் அங்கே, மூன்று நாள் திருவொற்றியூரில். மனை வாங்கவில்லை, வாடகையே போதும் என்று இருந்துவிட்டார்கள். முதல் மூடையைப் பார்க்காமல் நூறு மூடைக்கு ஆர்டர் கொடுக்காத வணிகரின் முறை அது.

8. முதியோர் குடியிருப்பு என்றால்

இன்று மனையாக இல்லாமல், சமையல், காவல், செவிலியர் வசதியோடு முதியோர் குடியிருப்பாகவும் விற்கிறார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் இது முன்பே பரவிவிட்டது. சென்னையைச் சுற்றிலும் வந்திருக்கிறது. இதில் மூன்று வகை உண்டு: வீட்டை விலைக்கு வாங்குவது, பெரிய வைப்புத்தொகை கட்டி வாழ்நாள் முழுதும் இருப்பது, மாத வாடகைக்கு இருப்பது. வைப்புத்தொகை முறையானால், விலகும்போதோ ஒருவர் காலமானபின்போ எவ்வளவு தொகை, எத்தனை நாளில் திரும்பும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயரும் என்பதும் இருக்க வேண்டும். கட்டணம் உயர்ந்துகொண்டே போகும். நம் வருமானம் அப்படி உயராது.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ அமையும் திட்டங்கள், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். வாங்குவோர் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும். கட்டட அமைப்பில் குறை தெரிந்தால், ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும். துண்டறிக்கையில் பதிவு எண் இல்லாவிட்டால் அதைக் கீழே வைத்துவிடுங்கள். மின்தடை வந்தால் லிப்ட் ஓடுமா, தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தால் நடக்க இயலாதவரை எங்கே கொண்டுபோவார்கள் என்பதையும் நேரில் கேளுங்கள்.

9. முதலை எல்லாம் முடக்காதீர்கள்

ஓய்வு பெறும் வணிகருக்கு ஓய்வூதியம் கிடையாது. கையிருப்பே ஓய்வூதியம். ஆகவே ஐந்தொகை போட்டுப் பார்த்து, இருவர் உயிர் வாழ மாதம் எவ்வளவு வேண்டும், மருத்துவத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். அந்தத் தொகையைத் தரும் முதலைத் தனியே எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதில்தான் ஏரிக்கரை. 60 வயது நிறைந்தோருக்கான அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், 2023 ஏப்ரல் முதல் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். மனை அப்படி மாதாமாதம் சோறு போடாது. அவசரத்துக்கு விற்கப் போனால் கேட்ட விலையும் கிடைக்காது.

கடையையும் வீட்டையும் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஏரிக்கரைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் நல்லவர்களாகவே இருக்கட்டும்; எழுத்தும் நன்றாக இருக்கட்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? நம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்துச் செய்யக் கோரிக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகலாம் என்கிறது. நிபந்தனை இருந்ததாக நிறுவ வேண்டும் என்பதை 2022-இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. ஆகவே தானப் பத்திரத்திலோ செட்டில்மென்ட் பத்திரத்திலோ அந்த ஒரு வரியைச் சேர்த்தே எழுதுங்கள். குடியிருந்த வீட்டையாவது வாழ்நாள் வரை நம் பெயரில் வைத்திருப்பது இன்னும் நல்லது. ஏரிக்கரை ஒத்துவராவிட்டால் திரும்பி வர ஒரு கதவு வேண்டும் அல்லவா?

10. தொகுத்துச் சொன்னால்

மனைக்கு முன்பணம் கொடுக்குமுன் ஒரு தாளில் இவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே விடை எழுதுங்கள்.

ஒன்று: மனை ஏரியின் எந்த உறுப்புக்கு அருகில் உள்ளது? கலங்கல் நீர் எந்த வழியாகப் போகிறது?

இரண்டு: கார்த்திகையிலும் சித்திரையிலும் நேரில் பார்த்தாயிற்றா?

மூன்று: கிராம வரைபடம், 'அ' பதிவேடு, வில்லங்கச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞர் பார்த்தாரா? நீர்ப்பிடிப்புப் பகுதி பற்றி எழுத்து மூலமான பதில் வந்ததா?

நான்கு: உள்ளூர் மளிகைக்காரர் என்ன சொன்னார்?

ஐந்து: மாலை நெரிசலில் மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம்?

ஆறு: வீட்டிலுள்ளவர் மனமாரச் சம்மதித்தாரா?

ஏழு: ஆறு மாதமாவது வாடகைக்கு இருந்து பார்த்தாயிற்றா?

எட்டு: மாதச் செலவுக்கான முதல் தனியாக இருக்கிறதா?

எட்டுக்கும் நல்ல விடை வந்தால் தயங்காமல் வாங்குங்கள். உழைத்தவருக்கு அந்தக் காற்றை அனுபவிக்கும் உரிமை உண்டு. ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் பொறுத்திருங்கள். ஏரி எங்கும் ஓடிவிடாது. மனையும் வேறொன்று வரும். கார்த்திகை வரை காத்திருக்கச் சொன்னால் விற்கிறவர் அவசரப்படுத்துகிறாரா? அவசரப்படுத்தி விற்கும் சரக்கை நாம் எப்போதும் எந்தக் கண்ணோடு பார்ப்போமோ, அதே கண்ணோடு அந்த மனையையும் பாருங்கள்.